சூடு யாருக்கு?

எங்கம்மா சூடாச் சாப்பிட்டு நான் பார்த்தது வருசத்துல நாலஞ்சு நாள்தான் இருக்கும். பொங்கலன்னைக்கு, கூலி நெல்லு வந்த அன்னைக்கு, வீட்டுக்கு ஒறம்பரை யாராவது வந்தா. மத்த நாளெல்லாம் ஆறுனதுதான். கீழத் தஞ்சையில ஒரு பண்ணை. எங்கப்பா அங்க பண்ணையாள். பண்ணையாளோட பொண்டாட்டிக்குத் தனியாச் சம்பளம் கிடையாது, ஆனா வேலை உண்டு. விடியறதுக்கு முன்னாடி ஆண்டை வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போயிடும். சாணி அள்ளி, வரட்டி தட்டி, விறகு பிளந்து அடுக்கிட்டு அப்புறம் வயலுக்குப் போகும். பொழுது சாய்ஞ்சதும் மறுபடி கொல்லைப்புறம் போய் நிக்கும். மத்தியானம் மிஞ்சின சோத்தை ஆண்டை வீட்டம்மா ரெண்டு எட்டு தள்ளி நின்னு, எங்கம்மா நீட்டுற குண்டான்ல மேலேயிருந்து கொட்டுவாங்க. சோறு ஒரு கட்டியா வந்து விழும். அதை எடுத்துக்கிட்டு இருட்டுல ஒத்தையடிப் பாதையில சேரிக்கு வந்து, எங்க நாலு பேருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டு, கடைசியாத் தான் சாப்பிடும்.

நான் ஒருநாள், அஞ்சாப்போ ஆறாப்போ படிக்கும்போது, "ஏம்மா நமக்கு எப்பவும் ஆறுன சோறு?" என்று கேட்டேன். "ஆறுனா என்ன, ஆறாட்டி என்ன, வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லுச்சு. ரொம்ப நாள் அதை ஒரு பெரிய ஞானம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நான் பணி ஓய்வு பெற்று ஆறேழு வருசமாகிறது. அம்மாவும் இல்லை. அது சொன்னது ஞானம் இல்லை, சாதி அதுக்குக் கற்றுக் கொடுத்த பாடம் என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் பொங்கலன்னைக்குப் பானையிலிருந்து அள்ளிப் போட்ட சோத்தை ஊதி ஊதி, கண்ணுல தண்ணி வர அது சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒண்ணுதான் என்றால் அந்த முகம் ஏன் அப்படி மாறணும்?

பசியைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். எச்சில் சோற்றைப் பற்றியும், இரட்டைக் குவளையைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். சூட்டைப் பற்றி யோசித்ததில்லை. வயிறு நிறைந்துவிட்டால் போதாதா, அது சூடாக வேறு இருக்கணுமா, இது பணக்காரக் கவலை இல்லையா என்று தோழர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். சோற்றைச் சூடாக வைத்திருக்க மனிதர்கள் என்னென்ன பாத்திரங்கள் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள் என்று படிக்கப் படிக்க, இது வயிற்றுக் கவலை மட்டும் இல்லை, அதிகாரத்தின் கதையும்தான் என்று புரிந்தது.

ஆண்டை வீட்டுக் கொல்லைக் கதவு திறந்திருந்தால் அடுப்படியின் ஒரு மூலை தெரியும். அம்மா விறகு அடுக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே ஒரு கொடியடுப்பு இருந்தது. பெரிய அடுப்பில் எரிகிற தீயின் அனல் பக்கத்துத் துளை வழியாகப் போய்ச் சேருகிற சின்ன அடுப்புதான் கொடியடுப்பு. அதுக்கென்று தனியாக விறகு வைப்பதில்லை. மிச்ச அனலிலேயே குழம்பும் ரசமும் ஆறாமல் இருக்கும். பெரிய அடுப்பு அணைந்த பிறகும் உள்ளே கங்கு கிடக்கும்வரை கொடியடுப்பில் சூடு இருக்கும். சோற்றை வெண்கலப் பானையில் வடித்து மூடிவைத்திருப்பார்கள். கனத்த வெண்கலம் சீக்கிரம் ஆறாது.

அந்த ஏற்பாடு எதற்கு? ஆண்டை எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. கோர்ட்டுக்குப் போயிருப்பார், சீட்டாட்டத்தில் இருப்பார். ஒரு மணிக்கு வந்தாலும் மூணு மணிக்கு வந்தாலும் இலையில் ஆவி பறக்கணும். அந்த வீட்டம்மாவும் அதுவரைக்கும் பட்டினிதான். அவர் கையலம்பிய பிறகுதான் அந்தம்மா சாப்பிடணும், அப்போது பாதிச் சூடு போயிருக்கும். அதுக்கப்புறம் வீட்டு வேலைக்காரர்கள். அதுக்கப்புறம் பொழுது சாய்ந்து எங்கம்மா. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியதை நான் பின்னால் புத்தகத்தில் படித்தேன். சோறு ஒவ்வொரு படியாக இறங்க இறங்க ஆறிக்கொண்டே வந்ததை அதுக்கு முன்னாடியே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கொடியடுப்பின் அனல் எங்கம்மா பிளந்த விறகிலிருந்தும் தட்டிய வரட்டியிலிருந்தும் வந்தது. ராத்திரி அடுப்புச் சாம்பலைக் கொல்லையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை அள்ளி எருக்குழியில் போடுவதும் எங்கம்மாதான். மழைக் காலத்தில் அந்தச் சாம்பலில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொள்ளும். அந்த வீட்டுச் சூட்டில் எங்கம்மாவுக்கு வந்த பங்கு அவ்வளவுதான்.

சூடு என்பது உண்மையில் என்ன? இறக்கி வைத்த உடனே சோறு ஆறத் தொடங்கிவிடுகிறது. ஆவியாகப் போகிறது, காற்றில் போகிறது, பாத்திரத்தின் வழியாகத் தரைக்குப் போகிறது. ஆறாமல் வைக்கணும் என்றால் ஒன்று யாராவது பக்கத்தில் இருந்து தீயைப் பார்த்துக்கொள்ளணும், அல்லது சூட்டைப் பிடித்து வைக்க ஒரு பாத்திரம் வேணும். இரண்டுமே இன்னொருத்தர் நேரத்திலிருந்துதான் வருகிறது. ஒருத்தர் நினைத்த நேரத்தில் வந்து சூடாகச் சாப்பிடுகிறார் என்றால், இன்னொருத்தர் தன் நேரத்தை அவருக்காகச் செலவழித்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. பழைய ரோமாபுரியில் 'ஆத்தெப்சா' என்று ஒரு பாத்திரம் இருந்தது. உள்ளேயே கரிநெருப்புப் போட ஒரு அறையும், சுற்றிலும் தண்ணீரோ உணவோ நிற்க ஓர் இடமும் கொண்ட உலோகப் பாத்திரம் அது. அந்தப் பெயருக்குத் 'தானே வேகவைப்பது' என்று பொருள். கரியைப் போட்டதும் சாம்பலை அள்ளியதும் அடிமைகள், பெயர் மட்டும் 'தானே'. கி.மு. 80இல் சிசரோ ஒரு கொலை வழக்கில் வாதாடினார். எதிர்த்தரப்பில் இருந்த கிரிசோகோனஸ் என்பவனின் ஆடம்பரத்தைச் சொல்லும்போது, அவன் ஏலத்தில் எடுத்த ஓர் ஆத்தெப்சாவைக் குறிப்பிடுகிறார். ஏலத்தில் கூவின விலையைக் கேட்டுத் தெருவில் போனவர்கள், ஏதோ ஒரு நிலம்தான் விலைபோகிறது என்று நினைத்துக்கொண்டார்களாம். உழுகிற நிலத்தின் விலை, ஒருத்தன் சாப்பாட்டு மேசைப் பாத்திரத்துக்கு!

இதில் என்னை உறுத்தியது வேறொரு விசயம். இந்தக் கிரிசோகோனஸ் ஓர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவன். விடுதலை பெற்றதும் முதலாளி வீட்டுப் பாத்திரத்தையே அவனும் வாங்கினான். இதுக்குப் பின்னால் வருகிறேன். எனக்கும் இதில் பங்கு உண்டு.

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டுப் பிரபுக்களின் மாளிகைகளில் சமையலறையைச் சாப்பாட்டு அறையிலிருந்து தூரத்தில் கட்டினார்கள். புகை வரக் கூடாது, வாசனை வரக் கூடாது, சமைக்கிறவர்கள் சத்தமும் கேட்கக் கூடாது. ஆட்களைத் தள்ளி வைத்தால் சோறும் தள்ளிப் போய்விடுகிறது. நீண்ட நடைகளைக் கடந்து வருவதற்குள் ஆறிவிடும். அதுக்காக எத்தனை சாமான்கள்! வெள்ளி மூடிகள், அடியில் கரியோ சாராய விளக்கோ எரியும் தட்டுகள், இரண்டு அடுக்குக்கு நடுவில் வெந்நீர் ஊற்றும் பீங்கான் தட்டுகள், கணப்புக்கு முன்னால் வெறும் தட்டுகளைச் சூடாக்க ஒரு தனி அலமாரி. மனிதரைத் தள்ளி வைத்ததால் வந்த சிக்கலை வெள்ளியாலும் பீங்கானாலும் தீர்த்துக்கொண்டார்கள்.

அந்த வெள்ளைக்காரன் சென்னைக்கு வந்தபோதும் அதையே செய்தான். பங்களா ஒரு பக்கம், குசினி தோட்டத்தில் தனியாக இன்னொரு பக்கம். இங்கே அந்தக் குசினியில் நின்றவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். மாட்டுக்கறியும் மதுவும் புழங்குகிற துரை வீட்டில் சாதி இந்துக்கள் பலர் சமைக்க வரமாட்டார்கள். பறையர்கள் சமையல்காரராகவும் பட்லராகவும் போனார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் ஒரு துரையிடம் பட்லராக இருந்தவர் என்பதும், அவர் கையிலிருந்த திருக்குறள் ஏடுகள் எல்லிஸ் துரைக்குப் போனது என்பதும் பண்டிதரே எழுதிய செய்தி. வெயிலிலும் மழையிலும் மூடிய தட்டை ஏந்தி முற்றத்தைக் கடந்து ஓடிய அந்தக் கைகளில் சிலவற்றில் குறள் ஏடும் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இப்போது பாத்திரத்துக்கு வருவோம். சூட்டை வைத்திருக்க ஓட்டையில்லாத பாத்திரமும் பொருந்துகிற மூடியும் வேணும். மனுஸ்மிருதி 10ஆம் அத்தியாயம் சண்டாளருக்கு உடைந்த பாத்திரத்தில் சோறு என்கிறது. பிணத்தின் துணியையும் இரும்பு நகையையும் சொல்கிற அதே இடத்தில்தான் இதையும் சொல்கிறது. அதே அத்தியாயம் சூத்திரனுக்கு மிச்சச் சோற்றைக் கொடுக்கச் சொல்கிறது. உடைந்த பாத்திரம் இழிவின் அடையாளம் என்று நாம் சரியாகவே படித்தோம். உடைந்த பாத்திரத்தில் எதுவும் தங்காது, சேர்த்து வைக்க முடியாது, நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது என்பதையும் சேர்த்துப் படிக்கணும்.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம் என்று யாராவது சொன்னால் அவர்களை ராமநாதபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகணும். 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகளை விதித்தார்கள். தங்கம் வெள்ளி நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, குடை செருப்பு கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில் ஒன்று, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. பிற்பாடு ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தன் நூலில் இந்தத் தடைகளைப் பதிவு செய்தார். 1935 நவம்பரில் ஆமதாபாத் மாவட்டத்து ஸனு கிராமத்தில், கொஞ்சம் வசதியான தீண்டப்படாத குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுக்கத் தொடங்கியதற்காகத் தாக்கப்பட்டதை அம்பேத்கர் 1936இல் 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் எழுதினார்.

ஒரு குடத்துக்கும் சட்டிக்கும் இவ்வளவு ஆத்திரம் ஏன்? மண்சட்டி ஒன்றும் மட்டமான பாத்திரம் இல்லை. சூட்டைப் பிடித்து வைப்பதில் மண்சட்டி மெல்லிசான அலுமினியக் குண்டானைவிட மேல். ஆனால் மண்சட்டியை அடகு வைக்க முடியாது. பித்தளைக் குடமும் வெண்கலப் பானையும் ஏழை வீட்டின் சேமிப்பு. மழை பெய்யாத வருசத்தில் சேட்டுக் கடைக்குப் போய் அரிசியாகத் திரும்பி வரும். அது இல்லாதவன் ஆண்டை வீட்டுக் கொல்லைக்குத்தான் போகணும். வெண்கலத்தைத் தடுத்தவர்கள் நம் வீட்டின் அழகை மட்டும் தடுக்கவில்லை, நாளைய சோற்றையும் சேர்த்தே தடுத்தார்கள்.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். ஆண்டை தாமதமாக வரலாம் என்பதற்காகக் காக்கப்பட்ட சூடு அது. சூட்டைக் காப்பதில் இன்னொரு சரித்திரமும் உண்டு. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இரவு வரை ஓய்வு நாள். தீ மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது. ஆனால் அன்று சூடான சாப்பாடு வேணும் என்றும் ஆசைப்பட்டார்கள். அதுக்காக வெள்ளிக்கிழமையே சமைத்த பானையைச் சூடு போகாமல் எதில் பொதிந்து வைக்கலாம் என்று ஒரு பெரிய விவாதமே நடத்தியிருக்கிறார்கள். சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூலில் இதுக்கு ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. துணியில் பொதியலாம், இறகில் பொதியலாம், மரத்தூளில் பொதியலாம். எருவில் கூடாது. காய்ந்த வைக்கோலில் பொதியலாம், ஈர வைக்கோலில் கூடாது. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈர வைக்கோலும் எருவும் தானாகவே சூடேறும் என்பது நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இருக்கிற சூட்டைக் காக்கலாம், புதுச் சூடு சேர்க்கக் கூடாது. அதுதான் அந்த விதி.

எதற்காக அந்த ஓய்வு நாள்? விவிலியத்தின் யாத்திராகமம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. வீட்டுத் தலைவனுக்கு மட்டும் இல்லை, வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் அன்று ஓய்வு. அந்தச் சமூகத்திலும் அடிமைகள் இருந்தார்கள், வெள்ளிக்கிழமை அந்தப் பானையைத் தயார் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். அதையெல்லாம் மறைத்து அவர்களைத் தூக்கிப்பிடிக்க நான் வரவில்லை. ஆனால் ஒரு யோசனையாக அது பெரிய விசயம். பாத்திரம் சூட்டைக் காப்பது ஆண்டை தாமதமாக வருவதற்காக இல்லை, சமைத்தவர் அன்றைக்குக் கொஞ்சம் உட்காருவதற்காக.

அதே யோசனைதான் 1867இல் பாரிஸ் கண்காட்சியில் நார்வேக்காரர்கள் வைத்த சமையல் பெட்டியில் வேறு வடிவத்தில் வந்தது. கொதித்த பானையை உள்ளே கனமாகப் பொதியடைத்த பெட்டியில் வைத்து மூடிவிட்டால், தீயில்லாமலே மிச்சமும் வெந்து, மணிக்கணக்கில் சூடாகவும் இருக்கும். வைக்கோல் அடைத்த பெட்டியாக அது ஐரோப்பாவில் ஏழைகள் வீட்டிலும் புழங்கியது. விறகும் கரியும் தட்டுப்பாடான உலகப் போர்க் காலங்களில் இங்கிலாந்துப் பெண்கள் அதில் சமையலை வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். எங்கம்மாவும் இதைச் செய்திருக்கிறது. கஞ்சிப் பானையை வைக்கோல் பிரிமணைமேல் இறக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டு நடவுக்குப் போகும். பத்து மணிக்கு நாங்கள் பிள்ளைகள் எடுத்துக் குடிக்கும்போது வெதுவெதுப்பாக இருக்கும். அதுக்கு மிஷ்னாவும் தெரியாது, பாரிசும் தெரியாது. பிள்ளைகளுக்குச் சூடு வேணும் என்று தெரிந்திருந்தது. தனக்கு மட்டும்தான் 'எல்லாம் ஒண்ணுதான்'.

கடைசியாக வந்தது நம் காலத்துப் பாத்திரம். 1892இல் லண்டனில் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி இரண்டு கண்ணாடிச் சுவருக்கு நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்து ஒரு குப்பி செய்தார். திரவமாக்கிய வாயுக்களைக் குளிராகவே வைத்திருக்கத்தான் செய்தார், சூட்டுக்காக இல்லை. அவர் அதுக்குக் காப்புரிமை வாங்கவில்லை. கூடை மாதிரி உலோக உறை போட்டு அதை வீட்டுச் சாமானாக்கியது ஜெர்மானியக் கண்ணாடித் தொழிலாளி ரெய்ன்ஹோல்ட் பர்கர். 1904இல் அது தெர்மாஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தது. டூவர் வழக்குப் போட்டும் ஜெயிக்கவில்லை. 80களில் நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் 'ஹாட் பாக்' வந்தது. வெளியே பிளாஸ்டிக், உள்ளே எவர்சில்வர், நடுவில் நுரைப் பஞ்சு. கல்யாணச் சீர்வரிசையில் அதுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

நானும் ஒன்று வாங்கினேன். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் யோக்கியன் இல்லை.

1984இல் எனக்கு அரசு வேலை கிடைத்தது. அதுவரைக்கும் விடுதிச் சாப்பாடு. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வடித்துக் கொட்டி, வரிசையில் நின்று தட்டை நீட்டும்போது பாறை மாதிரி ஆகியிருக்கும். கல்யாணமாகி வீடு எடுத்ததும் முதலில் நான் கேட்டது சூடான சோறு. என் துணைவியார் பள்ளி ஆசிரியை. அவரும் காலையில் கிளம்பி மாலையில்தான் வருவார். நான் இயக்கக் கூட்டம், நூற்றாண்டு விழா வேலை, பத்திரிகை வேலை என்று ராத்திரி பத்து பதினொன்றுக்கு வருவேன். வந்து உட்கார்ந்தால் இலையில் ஆவி பறக்கணும். அவர் தூக்கத்திலிருந்து எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்துக் குழம்பைச் சூடு பண்ணி, தோசை ஊற்றிப் போடுவார். நான் அன்றைய கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிடுவேன்.

1992இல் ஒரு ராத்திரி. அன்று நான் பேசியது பண்ணையடிமை முறையைப் பற்றி. நல்ல கைதட்டல். பதினொன்றரைக்கு வந்து கதவைத் தட்டினேன். எங்கம்மா ஊரிலிருந்து வந்து கூடத்தில் படுத்திருந்தது. என் துணைவியார் எழுந்து விளக்கைப் போட்டார். அடுப்படியில் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டதும் அம்மா படுத்த வாக்கிலேயே கேட்டுச்சு: "ஏம்மா, ஆண்டை வந்தாச்சா?"

கிண்டலாகச் சொல்லுச்சா, தூக்கக் கலக்கத்தில் பழைய நினைப்பில் சொல்லுச்சா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிச்சல் வரவில்லை. அன்று தோசை தொண்டையில் இறங்கவில்லை. கிரிசோகோனசை அப்போது நான் படித்திருக்கவில்லை. படிக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நானே அவன்தான் என்று தெரிந்துவிட்டது.

அந்த மாசச் சம்பளத்தில் ஹாட் பாக் வாங்கிக்கொண்டு போனேன். "இனிமே நீ முழிச்சிருக்க வேணாம். இதுல வச்சுட்டுப் படுத்துக்க" என்றேன். பிரச்சினையைத் தீர்த்துவிட்ட பெருமை எனக்கு. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "டப்பா நல்லாத்தான் இருக்கு. இதுல சமைச்சு வைக்கிறதும் காலையில கழுவுறதும் யாருங்க?" என்றார். அம்மா அதைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்துட்டு, "இட்லி வச்சா வேர்த்து நசநசன்னு போயிடும். அடியில ஒரு துணி, மூடிக்குக் கீழ ஒரு துணி போடு" என்று மட்டும் சொல்லுச்சு. அதுதான் சரியான யோசனையாகவும் இருந்தது.

பாத்திரம் தீர்க்காது என்று அன்று புரிந்தது. அதே டப்பா ஆண்டைக்கும் பயன்படும், ஓய்வுக்கும் பயன்படும். யார் நிரப்புகிறார், யார் திறக்கிறார், யார் கழுவுகிறார் என்பதில்தான் அதன் நியாயம் இருக்கிறது. அதுக்கப்புறம் நான் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன், குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டேன். சில நாள் அவர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலிருந்து தாமதமாக வரும்போது நான் டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். முழுசாக மாறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அவரைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார். ஆனால் சேரியின் விடுதலையைப் பற்றிப் பேசுகிற ஒருத்தன், தன் வீட்டில் யார் ஆறுனதைச் சாப்பிடுகிறார் என்று பார்க்காமல் பேசக் கூடாது என்பது மட்டும் எனக்கு உறுதி.

வீட்டில் இருக்கும் இந்தக் கேள்வி வெளியிலும் இருக்கிறது. காமராசர் 1956இல் கொண்டுவந்த மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் தொடங்கிய சத்துணவும் பள்ளிக்கூடத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துப் போடும் உணவாக வந்தன. நம் பிள்ளைகள் பலர் அன்றாடம் சூடாகச் சாப்பிட்டது அங்கேதான். 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம், பள்ளிப் பிள்ளைகளுக்கு அரிசியை அளந்து கொடுத்து அனுப்பக் கூடாது, சமைத்தே போடணும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 'உணவு' என்றால் என்ன என்று வரையறுக்கும்போது, சூடாகச் சமைத்தது அல்லது பரிமாறுமுன் சூடாக்கியது என்பதைச் சேர்த்துச் சொல்கிறது. சூடு சட்டத்தில் ஏறிவிட்டது. எங்கம்மா கொல்லைப்புறத்தில் நின்ற நாட்களை நினைத்தால் இது சின்ன விசயம் இல்லை. 2022 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்திருக்கிறது.

ஆனால் அந்தச் சூட்டை யார் கை தரலாம்? 2004 ஏப்ரல் 20இல் அதே உச்ச நீதிமன்றம் மதிய உணவுச் சமையலில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுக்கச் சொன்னது. 14 வருசம் கழித்து, 2018 ஜூலையில், திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அவரை இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தாகி, வழக்கும் பதிவானது. நம் கை பிளந்த விறகில் அவர்கள் சோறு வேகலாம், நம் கை வடித்த சோறு மட்டும் தீட்டு. ஆண்டை வீட்டுக் கொடியடுப்பு இன்னும் அணையவில்லை.

இன்னொன்றும் சொல்லணும். இப்போது பெரிய ஓட்டல்களில் பழைய சோற்றை மண்சட்டியில் வைத்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் சேர்த்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். உடம்புக்கு நல்லது என்கிறார்கள், இருக்கலாம். வெயில் காலத்தில் எனக்கும் அது பிடிக்கும். ஆனால் 'உங்க ஆளுங்க அந்தக் காலத்துல ஆரோக்கியமாச் சாப்பிட்டாங்க' என்று என்னிடம் சொல்லவருகிறவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. அதை எங்கம்மாவின் கடைசி நாட்களிலிருந்துதான் சொல்ல முடியும்.

கடைசி ஒரு மாசம் அம்மா எங்கள் வீட்டில் படுக்கையில் இருந்தது. ரசம் ஊற்றிக் குழைத்த சோற்றைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் ஊட்டினேன். வாழ்நாள் முழுக்க ஆறுனதைத் தின்றதுக்கு இனிமேலாவது சூடாகப் போடணும் என்று எனக்கு ஒரு வெறி. ஒரு வாய் வாங்கியதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சுடுதுடா தம்பி, ஆத்திக் குடு" என்று சொல்லுச்சு. அந்த நாக்குக்குச் சூடு பழக்கமே இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு விசிறினேன். அது கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தது. வெதுவெதுப்பானதும் ஊட்டினேன். நிதானமாகச் சாப்பிட்டுச்சு.

ஆறிப்போன சோறு வேறு, ஆற்றிக் கொடுத்த சோறு வேறு. தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே வெதுவெதுப்பாக இருக்கலாம். ஒன்றில் எல்லாரும் தின்ற பிறகு மிஞ்சியது இருக்கிறது. இன்னொன்றில் எங்கம்மா கேட்டது இருக்கிறது, அதுக்காக ஒருத்தன் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இருக்கிறது. வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான் என்று அம்மா சொன்னதை நான் மறுக்கிறேன். அதுக்குத் தெரிந்தே இருந்திருக்கும், பிள்ளையிடம் அப்படிச் சொல்லிவைத்தது. இனிமேல் நம் வீட்டில் எந்தப் பெண்ணும் தன் பிள்ளையிடம் அப்படிச் சொல்லவேண்டியிருக்கக் கூடாது.